நிறம் பூத்தால் தெரியும்

காலையிலிருந்து மூன்றாவது விரலை அண்ணி தட்டிவிட்டார். ரோஜா மொட்டைப் பிரித்து உள்ளே என்ன நிறம் என்று பார்க்கத் துணிந்த விரல் அது. கழுத்துப்பட்டை அணிந்த ஒரு வங்கி அதிகாரியுடையது. இதற்கென்றே அண்ணி ஏப்ரன் பையில் ஒரு தட்டையான மரக்குச்சி வைத்திருக்கிறார். அடி வலிக்காது, வெட்கமாக இருக்கும். “பரீட்சை எழுதிட்டிருக்கிற பிள்ளை கையிலேருந்து பேப்பரைப் பிடுங்கிப் பாப்பீங்களா? முடிச்சதும் அதுவே காட்டும்” என்றார். அதிகாரி கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு பிகோனியா பக்கம் நகர்ந்தார்.

பேருந்துகள் திரும்பி நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறது இந்த நர்சரி. மூன்று பேர் நடத்துகிறார்கள். கணவர் மண் கலப்பார், ஒட்டுக் கட்டுவார். அவருடைய தம்பி தண்ணீர் விடுவார், உரம் போடுவார், வண்டி ஓட்டுவார். விற்பது அண்ணி. கொழுந்தன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, எழுபது வயதுக்காரர்கள்கூட இந்த நாற்பத்தேழு வயதுப் பெண்மணியை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கணவரின் பழைய ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு நடக்கிறார். இரண்டு அளவு பெரியது. ‘தப்தப்’ என்று அது வரும் ஓசை கேட்டாலே மொட்டுகளின் அருகில் இருக்கும் கைகள் இறங்கிவிடும்.

பனி விலகி, நிழல்வலையைச் சுருட்டிக் கட்டியதும் கூட்டம் வந்துவிடுகிறது. அண்ணி யாருக்கும் கேட்டதை உடனே கொடுப்பதில்லை. ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்தது, தண்ணீர் ஊற்றப்போவது யார், அவர் அடிக்கடி வெளியூர் போகிறவரா, வீட்டில் பூனை உண்டா என்று பெண் பார்க்க வந்தவர்களைப் போல விசாரிப்பார். புதுமணத் தம்பதி ஒன்று ஆசையாக ரோஜா கேட்டது. கள்ளிச்செடியைக் கொடுத்து, “முதல்ல இதைச் சாகடிக்காம ஒரு வருஷம் வச்சிருங்க, பேசுவோம்” என்று அனுப்பிவிட்டார். செடிகளையும் உறவுக்காரர்களாகவே பார்க்கிறார். பெரணி கோபக்கார மாப்பிள்ளை, காற்று கொஞ்சம் மாறினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஜெரேனியம் விதரணையான மாமியார், தெருவைப் பார்த்தாற்போல் உட்கார வைத்துவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை.

அவருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, இருபது வருடத்தில் நிறம் மாற்றி ஒரு ரோஜாவும் விற்றதில்லை என்பது. இன்னொன்று, கையெழுத்து. ‘ஜ’ போடும்போது வால் ஒரு சுற்றுச் சுற்றித்தான் நிற்கும். இந்த வருடம் இரண்டாவது பெருமை முதலாவதை விழுங்கிவிட்டது.

ஒட்டுக் கட்டிய ரோஜாக்களுக்குப் பெயர்ப்பட்டை எழுதுவது அண்ணியின் வேலை. எப்போதும் பென்சிலால்தான் எழுதுவார்கள். கணவரின் காதில் ஒரு கட்டைப் பென்சில் இருந்துகொண்டே இருக்கும். கூடப் பிறந்தது போல. பென்சில் எழுத்து நோயாளி முனகுவது போல இருக்கிறது என்று சொல்லி, சென்ற இலையுதிர் காலத்தில் அண்ணி பளபளக்கும் கறுப்பு மார்க்கர் ஒன்றை வாங்கி வந்தார். அழியாத மை என்று அதன் மேலேயே போட்டிருந்தது. வெயிலுக்குப் பென்சில்தான் நிற்கும் என்று கணவர் ஒரே ஒரு தடவை சொன்னார். அவர் எதையும் இரண்டாம் தடவை சொல்வதில்லை. அண்ணி நூற்று அறுபது பட்டைகளில் வாலும் சுழியுமாக எழுதிக் கட்டினார். குளிர்காலத்து இளவெயில் மூன்றே மாதத்தில் நூற்று அறுபதையும் நக்கித் துடைத்துவிட்டது.

“எழுத்து முன்னாடியே அழகுதான் அண்ணி. இப்ப கண்ணே கூசுது” என்றார் கொழுந்தன்.

தோராயமாக நிறம் சொல்லி விற்றுவிட்டு, தவறினால் மாற்றிக் கொடுக்கலாம் என்றும் அவரே யோசனை சொன்னார். அண்ணி மறுத்துவிட்டார். மறுநாள் ரோஜா வரிசைக்கு முன்னால் ஒரு பலகை நின்றது: ‘நிறம் பூத்தால் தெரியும்’. வால், சுழி எல்லாம் இருந்தது. எதிர்பாராத விதமாக ஜனங்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது. லாட்டரிச் சீட்டு எடுப்பது போலச் சிரித்துக்கொண்டே ஆளுக்கொன்று தூக்கிப் போனார்கள். இளந்தளிர் சிவந்திருந்தால் பூ அடர்நிறம், வெளிறியிருந்தால் வெள்ளை அல்லது மஞ்சள் என்று கணவர் பிரித்துக் கொடுத்தார். வெளிர்தளிர்க் கூட்டத்தை மட்டும் அண்ணி விற்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் தனியாக வைத்திருந்தார். காரணம், பேருந்து ஓட்டுநர்.

வங்கி அதிகாரி அடி வாங்கிய அன்று நானும் தக்காளி நாற்று வாங்கப் போயிருந்தபோது அவர் வந்தார். எதிரே வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தார். புறப்படப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. ஆறடி மனிதர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற விதம் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்தவரைப் போல இருந்தது.

கதை நர்சரியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர் மனைவிக்கு ஜன்னலோர மஞ்சள் ரோஜா உயிர். இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த அம்மாள் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது இவர் தண்ணீர் விட மறந்து, செடி காய்ந்துபோயிற்று. ஓடி வந்தார். அப்போது இருந்தது வெள்ளை மட்டும். அண்ணி தயங்கித் தயங்கி அதையே கொடுத்தார். அந்த அம்மாளுக்கு ஏற்கெனவே இரண்டு கண்ணிலும் புரை. வெள்ளையெல்லாம் மஞ்சளாகவே தெரிந்ததால், இரண்டு வசந்தமும் அந்தப் பூவை மஞ்சள் என்றே கொஞ்சினார். இவரும் ஆமாம் போட்டார். இப்போது அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. மஞ்சள் ஒன்று வேண்டும் என்று இலையுதிர் காலத்திலேயே சொல்லி வைத்ததுதான். ஒட்டும் கட்டியாயிற்று. அது எது என்றுதான் தெரியவில்லை.

“நாளைக்குக் காலையில கட்டுப் பிரிக்கிறாங்க அண்ணி. மத்தியானம் வீட்டுக்கு வந்துடுவா.”

“உண்மையைச் சொல்லிடுங்களேன்.”

“செடி செத்ததைக்கூடச் சொல்லிடுவேன். ரெண்டு வருஷமா ஆமாம் ஆமாம்னு தலையாட்டினதை எப்படிச் சொல்றது?” என்றார் ஓட்டுநர். “முப்பது வருஷமா வண்டி ஓட்டறேன். இப்படி ஒரு திருப்பத்தை ஒடிச்சதில்லை.”

அந்த வெள்ளையை எடுத்துக் கொடுத்த கை அண்ணியுடையது. நிறம் மாற்றி விற்றதில்லை என்ற பெருமையைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் ஓரிடத்தில் கொஞ்சம் வேகமாகத் தாண்டிப் போகும். எதைத் தாண்டுகிறது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

கொட்டகைக்குப் பின்னால் போனார், நாங்களும் போனோம். கணவர் அங்கே மண் சலித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு செடியிலும் இரண்டு மூன்று மொட்டுகள், பச்சை உறைக்குள் இறுக மூடிக் கிடந்தன. நாலு நாள் பொறுத்தால் எல்லாம் தாமே சொல்லிவிடும். நாலு நாள் இல்லை. எதிரே நடத்துநர் விசில் கொடுத்தார்.

அண்ணி மரக்குச்சியை ஏப்ரன் பையிலிருந்து எடுத்து ஒரு தொட்டியின் மேல் வைத்தார். மண்டியிட்டார். முதல் மொட்டின் உறையை நகத்தால் விலக்கினார். விரல் பட்டதும் தமக்கே வலித்தது போல உதட்டைக் கடித்துக்கொண்டார். வெள்ளை. “மன்னிச்சுக்கோம்மா” என்று செடியிடம் சொன்னார். அடுத்ததும் வெள்ளை. மூன்றாவதும் வெள்ளை. ஓட்டுநர் தொப்பியைப் பிழிந்துகொண்டிருந்தார். தூரத்திலிருந்து பூவாளியோடு பார்த்துக்கொண்டிருந்த கொழுந்தனுக்குக்கூட அப்போது கேலி வரவில்லை.

ஏழாவது மொட்டில், விலகிய பச்சைக்கு நடுவே மெல்லிய ஒரு கோடு தெரிந்தது. நல்ல மஞ்சள்.

அதே செடியில் தொடாத மொட்டு இன்னும் இரண்டு இருந்தன. ஓட்டுநர் மூச்சு விட்டார். பழைய செடியை விட இது சிறியதாயிற்றே, கேட்டால் என்ன சொல்வது என்று கவலைப்பட்டார். “கிளையை வெட்டிக் கவாத்துப் பண்ணினேன்னு சொல்லுங்க. ஆம்பளைங்க கவாத்துப் பண்ணினா இப்படித்தான் இருக்கும்னு நம்பிடுவாங்க” என்றார் அண்ணி. மறுபடி விசில். அவர் செடியைத் தூக்கப் போனார்.

“இருங்க” என்றார் அண்ணி.

செடியில் தொங்கிய வெற்றுப் பட்டையைக் கையில் பிடித்தபடி, மண் சலிக்கும் கணவரிடம் போய் நின்றார். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. சல்லடையும் நிற்கவில்லை. தலையை மட்டும், காது அண்ணியின் கைக்கு எட்டும்படி, கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தார். அண்ணி பென்சிலை உருவி, ‘மஞ்சள்’ என்று வாலும் சுழியும் இல்லாமல் எழுதிச் செடியை அனுப்பினார். எழுதியதும் பென்சிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தம் காதில் செருகிக்கொண்டு, ‘தப்தப்’ என்று வாடிக்கையாளர்களைப் பார்க்கப் போய்விட்டார்.