கொழுந்து லொறியின் கறுப்புப் புகை

வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டினேன். ஐம்பதுகளின் கடைசி. எங்கள் குடும்பத்தில் எல்லாரும் மலையில் கொழுந்து பறித்தவர்கள், செடி வெட்டியவர்கள். ஸ்டியரிங் பிடித்தவன் நான் ஒருவன்தான்.

அந்தத் தை மாதம் லொறி ஏற்றத்தில் இழுக்கவில்லை. கறுப்புப் புகை. கொழுந்துச் சாக்குகளோடு பாதி வழியில் நின்றுவிடும். சாக்குக்குள்ளேயே கொழுந்து சூடேறிச் சிவந்துபோகும். தோட்டத்தை நடத்தும் துரைக்குக் கோபம்.

டவுனிலிருந்து மெக்கானிக் வந்தார். பொனட்டைத் திறக்கவில்லை. என்னை அக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிப் புகையை மட்டும் பார்த்தார்.

"பிஸ்டன் ரிங் போயிருச்சுங்க. என்ஜின எறக்கி கண்டிக்கு அனுப்பணும்."

"திங்கக்கிழமை அனுப்பு," என்றார் துரை. என் பக்கம் திரும்பினார். "லொறி வர்ற வரைக்கும் நீ கவ்வாத்துக்குப் போ."

வரும்வரைக்கும் என்றுதான் சொன்னார். ஆனால் செடி வெட்டப் போனவனை யாரும் திரும்ப லொறிக்குக் கூப்பிட்டதில்லை. அந்த இடத்துக்கு ஆட்கள் காத்திருந்தார்கள்.

எனக்கு ஒன்று இடித்தது. ரிங் போனால் ஆயில் எரியும், புகை நீலமாக வரும். தினமும் ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்கிறவன் நான். ஆயில் குறையவே இல்லை. பிளக்கைக் கழற்றினேன். கரி அப்பியிருந்தது. துடைத்துப் போட்டதும் ஒரு நடை ஓடியது. பிறகு அதே புகை.

சனிக்கிழமை மத்தியானம் தொழிற்சாலைச் சுவரோரம் லொறிப் படியில் உட்கார்ந்திருந்தேன். எப்போதும் அங்கேதான் நிறுத்துவேன்; கொழுந்து இறக்கும்போதும் என்ஜினை அணைக்க மாட்டேன். தேயிலை சலிக்கும் அறையின் காற்றாடி அந்தச் சுவர் வழியாகத்தான் சூட்டை வெளியே தள்ளும். பனிக்காலத்திலும் காலையில் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகும். அதை என் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன்.

சலிக்கிற பெண் ஒருத்தி சாப்பாட்டுக்கு வெளியே வந்தாள். மூக்கைச் சுற்றித் துணி. தலையெல்லாம் பஞ்சு மாதிரி தேயிலைத் தூசி.

"என்னாண்ணே, லொறியக் கட்டிக்கிட்டே குந்தியிருக்கீங்க. வீட்ல அண்ணிக்குத் தெரியுமா?"

"திங்கக்கிழமை அது கண்டிக்குப் போகுது, தங்கச்சி."

"போகாம என்னா செய்யும். எங்களுக்காவது மூக்குல துணி இருக்கு. அதுக்கு என்னா இருக்கு? காத்தாடி பூராத் தூசியையும் அது மூஞ்சியிலதான ஊதுது."

சொல்லிவிட்டு லயத்து வீடுகள் பக்கம் போய்விட்டாள்.

எழுந்து, என்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் கிளீனரைக் கழற்றினேன். அதன் கிண்ணத்து ஆயில் களியாகிக் கிடந்தது. வலையில் தேயிலைப் பஞ்சு, கம்பளி மாதிரி. காற்றில்லாமல் வெறும் பெற்றோலைக் குடித்திருக்கிறது என்ஜின். மண்ணெண்ணெயில் கழுவினேன். புது ஆயில் ஊற்றினேன். பிளக்கை மறுபடி துடைத்தேன்.

அந்திக் கொழுந்தை முழுச் சுமையாக ஏற்றி வந்தேன். எங்கும் நிற்கவில்லை. புகையும் இல்லை.

துரை வாசலில் நின்றார். "என்ன செஞ்சே?"

"தூசி அடைச்சிருந்துச்சு, தொரை. கழுவிட்டேன். நான் நிப்பாட்டுன எடந்தான் பிழை."

கடைசி வார்த்தையை மறைத்திருக்கலாம். மனம் வரவில்லை. துரை லொறியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"வேற எடத்துல நிப்பாட்டு," என்று உள்ளே போனார்.

மறுநாள் அந்தப் பெண்ணைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"அடப் போங்கண்ணே, நான் கேலிக்குத்தான சொன்னேன்," என்றாள்.

இருக்கட்டும். அன்று அவள் பேசாமல் சோற்றுக்குப் போயிருந்தால் நான் மலைக்குப் போயிருப்பேன். கை ஓயும்வரை லொறிதான் ஓட்டினேன். பிள்ளைகள் சாப்பிட்டது அதில்தான்.