டாலியின் கொட்டாவி

நேசையன் நாலாம் வகுப்பைத் தாண்டியவரில்லை. களியக்காவிளையிலிருந்து தலைச்சுமையாகக் கருப்பட்டி கொண்டுவந்து விற்றவர், ஆரியசாலைச் சந்தையில் சொந்தமாக மொத்தக்கடை எழுப்பி, அதன் மாடியிலேயே வீடும் கட்டினார். எவன் தயவும் இல்லாமல் கட்டினார். அதைவிடப் பெரிய பெருமை ஒன்று அவருக்கு இருந்தது. அவர் கடையிலிருந்து பசித்த வயிற்றோடு படியிறங்கியவன் கிடையாது. லாரிக்காரனோ, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரனோ, சரக்கெடுக்க வந்த வியாபாரியோ, யாரானாலும் மத்தியானம் இலை போட்டு, அவரே இலைக்கு நேரே நின்று பார்ப்பார். போதும் என்று கையை மறித்தவனுக்கும் இன்னொரு அகப்பை விழும். ஆளின் முகத்தைப் பார்த்தே அவன் மனசிலிருக்கும் விலையைச் சொல்லிவிடுவார். சும்மா பேச்சில்லை, கம்போளத்து வியாபாரிகளே ஒப்புக்கொண்ட சங்கதி.

அப்பேர்ப்பட்ட மனிதரின் வீட்டில், தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஒரு நாய் பட்டினி கிடந்தது.

மகள் ஜெயஷீலா நர்ஸ் வேலைக்கு மஸ்கட் போனபோது விட்டுப்போன பொமரேனியன் அது. டாலி என்று பெயர். இருந்தவரைக்கும் அவள்தான் சோறு வைப்பாள். தட்டை வைத்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஓடுவாள். அவள் போனபின் அந்த வேலையை நேசையன் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

தட்டை வைத்தார். இடுப்பில் கை கொடுத்து நேரே நின்றார்.

"தின்னு மக்கா. நல்ல அயிலை மீனாக்கும், தின்னு."

டாலி உதட்டை நக்கியது. "பாரு, நாக்குல வெள்ளம் ஊறுகு" என்றார் மனைவியிடம். அது முன்னங்கால் ஒன்றைத் தூக்கியது. "சலாம் போடுகு!" அவர் குனிந்து தலையில் கை வைத்தார். காதுகள் பின்னால் படிந்தன, வால் கவட்டுக்குள் போனது, கண்ணோரத்தில் வெள்ளை தெரிந்தது. அவர் சோற்றை உருட்டி வாயருகே நீட்டினார். டாலி முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடைவாய்ப்பல் வரை தெரிய ஒரு கொட்டாவி விட்டது.

நேசையனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. எதிரில் நின்று பேசும்போது கொட்டாவி விட்டவனுக்கு அவர் சரக்கு கொடுத்ததே இல்லை.

"நீங்க கொஞ்சம் மாறி நில்லுங்களேன்" என்றாள் மனைவி தங்கபாய்.

"பின்னே? சோத்தப் போட்டுட்டு திரும்பிப் பாக்காம போறதுக்கு இது ஹோட்டலா?"

தின்னாத சோற்றை எறும்பு மொய்க்க விட அவருக்கு மனசில்லை, உடனே எடுத்துவிடுவார். அடுத்த வேளை ஆட்டுக்கறி, அதற்கடுத்த வேளை பாலும் முட்டையும். ஒவ்வொரு வேளையும் இன்னும் நெருங்கி நின்றார். தங்கபாய் அடுக்களையில் போட்ட பிஸ்கட்டில்தான் அதன் உயிர் நின்றது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. கடைசியில் தட்டை நகர்த்தப்போன கையைப் பார்த்து உறுமவும் செய்தது.

"விழிஞ்ஞத்துக்கு அனுப்பிருவோம். அபின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ கொண்டு வரட்டு" என்றார். அபின், விழிஞ்ஞத்திலிருக்கும் தங்கபாயின் தம்பி மகன். சொல்லிவிட்டாரே தவிர, தன் வீட்டில் ஒரு உயிர் தின்னாமல் போகிறது என்ற நினைப்பில் அவருக்கே அன்று சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் ஆராதனை முடிந்து வந்து, கடைசியாக ஒருதரம் மீன்சோறு வைத்தார். அந்நேரம் போன் அடித்தது. மஸ்கட். போன் எதிர்ச்சுவரில். அவர் டாலிக்கு முதுகைக் காட்டி நின்று பேசினார்.

"அப்பா, டாலி திங்குதா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். பின்னால் தட்டு தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. சடாரென்று திரும்பினார். டாலி நிறுத்திற்று. உதட்டை நக்கிற்று. கொட்டாவி விட்டது.

இப்போது அவர் ஒரு வார்த்தையும் அதனிடம் சொல்லவில்லை, ஊட்டவுமில்லை. பார்த்தார், அவ்வளவுதான். திரும்பச் சுவரைப் பார்த்தார். சத்தம் தொடங்கியது. மறுபடி திரும்பினார், நின்றது.

மனிதர் முகத்தை வாசித்தவருக்கு நாய் முகம் வாசிக்க எவ்வளவு நேரம் வேண்டும்? அலட்சியத்தில் விடுகிற கொட்டாவி அல்ல அது. பயம். நக்கிய உதடும் தூக்கிய காலும் சொன்னது அதைத்தான்.

"அப்பா? கேக்குதா?"

"மெதுவா பேசு மோளே" என்றார் தாழ்ந்த குரலில். "திங்குகு. நான் நின்னு பாக்கியதுதான் அதுக்குப் பேடி. எனக்கு இப்பம் மனசிலாச்சு, கேட்டியா? ஒருத்தனும் சொல்லித் தரல்ல."

"அம்மா அண்ணைக்கே சொன்னாளாமே?"

"அவ சும்மா சொன்னா. நான் கண்டுபிடிச்சேன்."

போனை வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துச் சுவர் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். ஒருவர் சாப்பிடும்போது பார்க்காமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டமான காரியம்! கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பிடரியைக் கையால் பிடித்துக்கொண்டார்.

படியில் தடதடவென்று அபின் ஏறி வந்தான்.

"என்ன மாமா, சுவரப் பாத்துட்டு இருக்கிய? எங்க நாய்?"

"சத்தம் போடாதலே" என்றார் நேசையன், திரும்பாமலே. "ஆட்டோவ அனுப்பிரு. நீயும் செருப்பக் கழட்டிட்டு மெள்ள எறங்கு. அது தின்னு முடிக்கட்டு."

பின்னால் தட்டு இன்னும் உரசிக்கொண்டிருந்தது.