ஃபேன் நாற்காலியும் பெருமாளின் இங்கிலாந்துப் பயணமும்

கே.ஜி.எஃப். என்ற தங்கச் சுரங்க ஊரின் மைசூர் மைன்ஸ் பகுதியில் கிறிஸ்டோ நடத்தும் பாரில் நாற்காலிகள் பல, ஃபேன் ஒன்று. அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பவர் சொல்வதை மற்றவர்கள் மறுக்காமல் கேட்பார்கள். வியர்வை துடைக்கும் வேலையில் மறுப்பதற்கு நேரம் கிடைக்காது என்பதே காரணம். சுரங்கம் மூடிய நாளிலிருந்து அந்த நாற்காலி முனுசாமியுடையது. அவர் சுரங்கக் குழியான ஷாஃப்டில், ஆட்களைச் சுமக்கும் கேஜை ஏற்றி இறக்கும் என்ஜினை ஓட்டியவர்.

கேஜ் வாசலில் நின்று அவருக்கு மணியடித்துக் கட்டளையிட்டவர் நம் பெருமாள். அதாவது சர்வீஸ் முழுக்க முனுசாமி இவர் சொன்னபடி ஆடியவர். சுரங்கம் மூடிய பிறகு அவர் ஃபேனுக்குக் கீழே, இவர் சுவரோரம். இந்த அநீதியைப் பெருமாள் ஒருநாளும் ஜீரணித்ததில்லை.

போதாததற்கு வெள்ளைக்காரன் குடிக்கும் முறையைப் பற்றி பாரில் அதிகாரத்தோடு பேசிவந்தவரும் பெருமாள்தான். அவருடைய ஆதாரம் எளிமையானது. கே.ஜி.எஃப்.பை அந்தக் காலத்தில் குட்டி இங்கிலாந்து என்றார்கள். ஆகவே இங்கிலாந்து என்பது பெரிய கே.ஜி.எஃப். அதில் தெரிந்துகொள்ளப் புதிதாக என்ன இருக்கிறது?

இந்த ஆராய்ச்சிக்கு இடைஞ்சலாக, இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் நர்ஸாக இருக்கும் மகள் ஷில்பா அப்பா அம்மா இருவருக்கும் விமான டிக்கெட் அனுப்பிவிட்டாள். செய்தி பாருக்கு வந்த சாயங்காலமே முனுசாமி பந்தயம் கட்டினார்.

“அங்க போய் ஒரு பழைய பப்புல வெள்ளைக்காரன் மாதிரி உக்காந்து, எவனும் சிரிக்காம குடிச்சிட்டு வந்துட்டீன்னா, இந்தச் சேர் உன்னுது. ஆனா சாட்சி நீ இல்ல. தாயம்மா தங்கச்சி.”

பெருமாளின் மனைவி தாயம்மாவை, அவர்கள் குடியிருக்கும் ஸ்கெலட்டன் ஏரியாவில் சாட்சிக்குக் கூப்பிட யாரும் துணிய மாட்டார்கள். கேட்காமலே உண்மையைச் சொல்பவர். சொந்த மகள் கல்யாணத்தில் சம்பந்தியம்மாவைத் தேடிப் போய், சாம்பார் கெட்டுவிட்டது, உங்கள் ஆட்கள் சாப்பிட வேண்டாம் என்று சொன்னவர்.

யார்க் என்பது சுற்றிலும் கோட்டைச் சுவர் கட்டி, உள்ளே பப்புகளைப் பத்திரமாக வைத்திருக்கும் ஊர். மருமகன் திலீப் லீவு நாட்களில் கூட்டிக்கொண்டு போனான். நம் ஊரில் பாருக்குச் சாமி பேர் வைக்கிறோம். அங்கே ஆட்டுக்கடா, காட்டுப்பன்றி, அன்னப்பறவை என்று வைக்கிறார்கள். எது மரியாதை என்பதைப் பெருமாள் யோசித்துவிட்டுச் சொல்வதாக ஒத்திவைத்தார். முதல் பப்பில் தாழ்ந்த உத்தரத்தைக் கண்டதும் சுரங்கப் பழக்கத்தில் குனிந்து, விரலால் தட்டிச் சத்தம் கேட்டு, முட்டுக்கட்டை நன்றாகத்தான் கொடுத்திருக்கிறான், கூரை இறங்காது என்று திலீப்புக்குச் சான்றிதழ் வழங்கினார். ஊறுகாய் வராதது, சுண்டல் வராதது, கதவுக்குத் திரை இல்லாதது என எல்லாவற்றையும் கலங்காமல் தாங்கினார். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் சாட்சி தலைமுழுக்க முக்காடு போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால் அந்தப் பப் கணக்கில் சேராது என்று ஆயிற்று.

இரண்டாவது பப்பில் முக்காடு இறங்கியது. மூன்றாவதில் தாயம்மா நேராகப் போய்க் கணப்பு அடுப்புப் பக்கத்து இடத்தைப் பிடித்து, யாருடையதோ ஒரு நாயின் காதைச் சொறிந்துகொண்டு, லெமனேடில் உப்பு ஏன் இல்லை என்று தமிழிலேயே விசாரித்தார்.

அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பெருமாள் நிமிர்ந்து உட்கார்ந்து, பியரை அவசரமில்லாமல், முகம் சுளிக்காமல், ஏறக்குறைய முடித்துவிட்டார். கண் முன்னால் ஃபேன் சுற்றியது. அப்போது கவுன்டர் அம்மாள் அங்கே தொங்கிய பித்தளை மணியை ஒருமுறை அடித்தாள். சமையல்கட்டை மூடப்போகிறோம், சாப்பாடு வேண்டுபவர்கள் சொல்லுங்கள் என்று அர்த்தம்.

பெருமாள் காத்திருந்தார். பதில் வரவில்லை. ஷாஃப்டில் ஒரு மணி அடித்தால் அந்தப் பக்கமிருந்து ஒரு மணி திரும்பி வர வேண்டும். வராவிட்டால் கேஜ் அசையக் கூடாது, எங்கேயோ ஓர் ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது. இங்கோ மணி கேட்டும் ஒருத்தனும் அசையவில்லை, சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். ஆட்டுக்கடா மேல் ஆணையாகத் தான் இங்கே விருந்தாளி என்பதை அவர் மறந்தார். எழுந்து போனார், கயிற்றைப் பிடித்தார், சுத்தமாக ஒரு மணி அடித்தார்.

அந்த ஊர் வழக்கப்படி, குடிக்க வந்தவன் மணியைத் தொட்டால் அங்கிருக்கும் எல்லோருக்கும் அவன் வாங்கிக்கொடுக்க வேண்டும். கட்டடமே கைதட்டியது. நாய்கூட எழுந்து நின்றது. திலீப் கார்டை எடுத்தபோது அவன் முகத்தில் சம்பந்தியம்மாவின் சாயல் தெளிவாகத் தெரிந்தது.

ஏப்ரலில் ஊர் திரும்பினார்கள். வந்த மறுநாளே விசாரணை. தாயம்மா சாட்சி சொல்ல வருகிறார் என்றதும், யார் கண்ணிலும் படாமல் அவர் வரட்டும் என்று கிறிஸ்டோ பின்வாசலைத் திறந்துவைத்தான். அவர் முன்வாசலில் நுழைந்தார். பெண்பிள்ளை வந்ததும் மரியாதைக்காக முனுசாமி நாற்காலியை விட்டு எழுந்து, சுரங்க விபத்து விசாரணையில் நிற்பதுபோல் கையைக் கட்டி நின்றார்.

“சிரிச்சாங்களாம்மா?”

“சிரிச்சாங்கண்ணே. கையும் தட்டுனாங்க. இவரு மணியத் தொட்டதுல எல்லாருக்கும் ஓசியில கெடச்சிச்சே, சிரிக்காம இன்னா பண்ணுவாங்க.”

பெருமாள் கண்ணை மூடிக்கொண்டார். பார் முழுக்க ஒருவிதத் திருப்தி பரவியது. ஆனால் முனுசாமி இன்னும் நகரவில்லை. மணியை எதற்குத் தொட்டான் என்று கேட்டார். நடந்ததைத் தாயம்மா வரிசையாகச் சொன்னார்.

“அந்தம்மா எத்தினி அடிச்சா?”

“ஒண்ணு.”

“இவன்?”

“ஒண்ணுதான்.”

முனுசாமி கட்டிய கையை அவிழ்த்தார். மணிக்குப் பதில் மணி வராமல் என்ஜின் முன்னால் உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்பது அந்த பாரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

“அப்ப கரெக்டாத்தான் அடிச்சிக்கிறான். சிரிச்சவனுங்களுக்கு ரூல் தெரியல. சேர் இவனுது.”

பெருமாள் கண்ணைத் திறந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தன் சர்வீஸின் கடைசிப் பிரமோஷனை நோக்கித் திரும்பினார். அதில் தாயம்மா உட்கார்ந்திருந்தார். முந்தானை ஃபேன் காற்றில் லேசாக ஆடியது.

“அங்கல்லாம் காலியா இருந்தா யாரு வேணா உக்காரலாம்,” என்றார். “கிறிஸ்டோ, எனக்கு ஒரு லெமன் சோடா. உப்பு போட்டு.”

பெருமாள் முனுசாமியைப் பார்த்தார். முனுசாமி பெருமாளைப் பார்த்தார். இருவரும் போய்ச் சுவரோரம் சேர்ந்து உட்கார்ந்து, ஒரே துண்டில் மாறி மாறி வியர்வையைத் துடைத்தபடி, தாயம்மா சொல்வதை மறுக்காமல் கேட்க ஆரம்பித்தார்கள்.