உம்மாவின் ஹஜ்

பிழை என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் அதை வாப்பாவின் தலையில் கட்டக் கூடாது.

வாப்பா, நிஸ்தார் ரெயிலர். யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்து, ஜித்தாவில் நாலு வருஷம் தைத்து, இப்போது ஸ்காபரோவில் ஒரு லோண்டரிக் கடை மூலையில் இருந்து மற்றவர்களின் காற்சட்டைகளை உயரத்துக்கு அளவாக மடித்துத் தைப்பவர். எழுபத்திரண்டு வயது. சொல்வழி கேட்காத மனிதர். ஜித்தாவில் இருந்தபோதே தன் ஹஜ்ஜை முடித்துவிட்டார். உம்மா அப்போது ஊரில் என்னை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தா. "அடுத்த முறை நீதான்" என்று கடிதம் போட்டாராம். எங்கே! தொண்ணூறில், சண்டைக்காலத்தில், முஸ்லிம்கள் எங்களை எல்லாம் ஊரைவிட்டே வெளியேற்றினார்கள். பிறகு புத்தளம் முகாம், அதற்குப் பிறகு கனடா, கடைசியில் உம்மாவின் சிறுநீரகம். யாராவது வாப்பாவை "ஹாஜியார்" என்று கூப்பிட்டால் உம்மா குசினிக்குள் இருந்து குரல் கொடுப்பா: "ஓம், அவர் ஹாஜியார். நான் ஹாஜியாற்ற சமையல்காரி!" எல்லோரும் சிரிப்பார்கள், வாப்பாவைத் தவிர.

போன பனிக்காலம் உம்மா மௌத்தானா. தன் ஹஜ்ஜை முடித்த ஒருவர், இறந்துபோனவருக்காக இன்னொரு ஹஜ் செய்யலாம். பதல் ஹஜ் என்பார்கள். நாற்பதாம் நாள் ஓதி முடிந்ததும் வாப்பா ஒரே வசனத்தில் சொன்னார்: "அவட ஹஜ்ஜை நான் செய்யப்போறன்."

பயண நாள் காலை அவருடைய கைப்பையைத் திறந்தேன். உள்ளே பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு உம்மாவின் வெள்ளை வொயில் சேலை. ஹஜ்ஜுக்கு உடுக்கவென்று வாங்கி, ஒருநாளும் உடுக்காமல் அலுமாரியில் வைத்திருந்தது.

"வாப்பா, உந்தச் சேலையைக் கொண்டுபோய் என்ன செய்யப்போறீங்க?"

"அது என்னோட வரட்டும்."

"அப்ப உங்கட இன்சுலினை எங்க வைக்கிறது? என்ட தலையிலயா?"

வாப்பா சேலையை மறுபடி பைக்குள் அமத்தினார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பையைக் கட்டிலில் கொட்டி நானே அடுக்கினேன். தடித்த வெள்ளைத் துணிகள் இரண்டு கிடந்தன. சேலையைக் கைப்பையிலேயே விட்டு, அவற்றைத் தூக்கிப் பெரிய பெட்டிக்குள் போட்டேன். மக்காவில் போய் இறங்கித்தானே உடுப்பார் என்று நினைத்தேன். முப்பத்தொன்பது வயது முஸ்லிம் பொம்பிளையின் அறிவைப் பாருங்கள்!

பியர்சன் விமான நிலையத்தில் பெட்டி பெல்ற்றில் ஏறிப் போய் மறைந்த பிறகுதான் வாப்பா கைப்பைக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"மகள், என்ட இஹ்ராம் எங்க?"

மக்காவைச் சுற்றி ஓர் எல்லை இருக்கிறது. ஹஜ்ஜுக்குப் போகும் ஆண் அதைத் தாண்டுமுன் தைத்த உடுப்பைக் கழற்றி, தைக்காத இரண்டு வெள்ளைத் துணிகளை உடுத்து, நிய்யத் என்னும் உறுதியை மனதில் வைக்க வேண்டும். அந்த உடுப்புத்தான் இஹ்ராம். விமானம் அந்த எல்லையை ஆகாயத்திலேயே தாண்டிவிடும். பெட்டி கைக்கு வருவதோ ஜித்தாவில் இறங்கிய பிறகு. வாப்பா விமானத்திலேயே உடுப்பதாக இருந்தார்.

கவுண்டரில் நின்ற பிள்ளையின் நெஞ்சில் அட்சயா என்று பெயர் இருந்தது. ஓடினேன். அவள் இரண்டு இடத்துக்குப் போன் அடித்துப் பார்த்தாள்.

"சொறி அன்ரி, உள்ளுக்குப் போன பெட்டியை இனி எடுக்கேலாது. அப்பா இன்னும் அரை மணித்தியாலத்தில செக்கியூரிற்றிக்குப் போகோணும்."

என்னை அன்ரி என்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இஹ்ராம் விற்கும் கடை ஸ்காபரோவில் இருக்கிறது. அந்த நேரத்து ட்ராபிக்கில் போகவே முக்கால் மணி. குழுவைக் கூட்டிப்போகும் மௌலவியிடம் கேட்டேன். அவர் மேலதிகமாக வைத்திருந்ததும் பெட்டிக்குள் போய்விட்டது. மற்ற ஆண்கள் ஆளுக்கு ஒரு சோடிதான் வைத்திருந்தார்கள்.

"கவலைப்படாதீங்க ஹாஜியார். தவறிப்போனா அதுக்குப் பரிகாரம் இருக்கு," என்றார் மௌலவி.

"என்ட ஹஜ்ஜெண்டா பரிகாரம் செய்வன், மௌலவி. இது அவட. நாப்பது வருஷம் காக்க வைச்சுப்போட்டு, அதையும் குறையோட குடுக்கவா?"

வாப்பா பையை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் குந்திவிட்டார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். திறந்திருந்த பையின் வாயில் அந்த வெள்ளைத் துணி தெரிந்தது.

"மௌலவி, சேலை தைக்காததுதானே?" என்று கேட்டேன்.

மௌலவி குனிந்து பார்த்தார். "கரை, பூ ஒண்டும் இல்லையா?"

"வெறும் வெள்ளை."

"இரண்டாக் கிழிச்சா அது சேலையில்ல, துணி. தாராளமா உடுக்கலாம்."

வாப்பா பையை இறுக்கிப் பிடித்தார். "ஏலாது. அவ ஒருக்காக்கூட உடுக்கேல்ல."

இருபது நிமிடம் இருந்தது. எனக்கு வாய் நிற்காது. "அலுமாரியில பூட்டி வைச்சு என்னத்தைக் கண்டம் வாப்பா? உம்மாவும் பாத்துப் பாத்தே போயிட்டா!" சனம் திரும்பிப் பார்த்தது. சொன்ன மறுகணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வாப்பா எழுந்தார். சேலையை விரித்தார். வொயில் மெல்லிசு, இடுப்புக்கு இரண்டு மடிப்பு வேண்டும் என்று அவருக்குத் தெரியும். முழங்கையால் அளந்து, பெரிய பங்கை இடுப்புக்கும் மிச்சத்தைத் தோளுக்கும் என்று கணக்குப்போட்டு, ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரு வெட்டு வைத்தார். ஆயிரம் சேலையில் பிளவுஸ் துண்டு கிழித்த கை அதற்கு மேல் இழுக்கவில்லை. ஒரு நுனியை என் பக்கம் நீட்டினார்.

"பிடிங்க மகள்."

இருவரும் இழுத்தோம். வளையாமல் நேராகக் கிழிந்தது. இரண்டையும் மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு, அட்சயா கையைக் காட்டிக் கூப்பிட, வாப்பா திரும்பிப் பார்க்காமல் செக்கியூரிற்றிக்குள் போனார்.

அன்றிரவு நான் கண்ணை மூடவில்லை. அடுத்த நாள் வேலையில் நிற்கும்போது ஜித்தாவிலிருந்து போன் வந்தது.

"பெட்டி வந்திட்டுது மகள். நீங்க வைச்ச இஹ்ராமும் பத்திரமா இருக்கு. மௌலவி கேட்டார், இது மெல்லிசா இருக்கே, அதை மாத்தி உடுக்கலாம்தானே எண்டு."

"மாத்தினீங்களா வாப்பா?"

"ஏன் மாத்த? உங்கட உம்மா இப்பதானே வந்து இறங்கியிருக்கிறா."