ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்

ஸ்பிரிட் வாசனை எங்கே எழுந்தாலும் அந்தக் கோலார் தங்கவயல்காரர் நினைவுக்கு வந்துவிடுகிறார். பெங்களூரில், அரசுத் தடய அறிவியல் கூடத்தில் நான் குமாஸ்தாவாக இருந்த காலம். ஏரியில் கிடைத்த எலும்புகள் காணாமல்போன தன் மகனுடையவைதானா என்று பார்க்க ரத்தம் கொடுத்திருந்தார். டி.என்.ஏ. மெஷின் வந்துவிட்டது, ரசாயனம் வாங்க அரசுப் பணம்தான் வரவில்லை.

மாதாமாதம் ரயிலேறி வருவார். வாசலில் நின்று நரைத்த தலையை வாரிக்கொண்ட பிறகே உள்ளே நுழைவார்.

"இன்னும் பணம் வரலைங்க" என்பேன். அவரைப்போல ரத்தம் கொடுத்துக் காத்திருந்த மற்றவர்கள் சர்க்காரைத் திட்டுவார்கள். அவர் மட்டும், பையனுக்கு இன்னொரு மாதம் ஆயுள் கூடியதுபோல முகம் மலர்ந்து, எனக்கு டீ வாங்கித் தருவார்.

ஒருநாள் பணம் வந்தேவிட்டது. பெஞ்சில் காத்திருந்த அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்: "ஐயா, சாங்ஷன் ஆயிடுச்சு! மொதல்ல உங்களுதுதான்."

எழுந்துவிட்டார். என் தோளைத் தொட்டார்.

"என்னுதுக்கு என்ன சார் அவசரம்? மத்தவங்களுத பாருங்க."