கட்டைவிரல் போட்ட எடை

என் தங்கை புருஷனுக்கு மொத்த வெங்காயச் சந்தையில் கட்டைவிரல் என்று பெயர். தராசுத் தட்டின் ஓரத்தில் விரலை வைப்பான். வைத்தது தட்டுக்கே தெரியாது. மூட்டைக்கு அரைக் கிலோ கூடிவிடும். நான் லாரி ஓட்டுகிறவன். நானே அவனிடம் மூட்டை வாங்கி ஏமாந்திருக்கிறேன். ஏமாந்த பிறகுதான் தங்கையையும் கொடுத்தேன். என் புத்தியைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

முதல் குழந்தை குறைமாதத்தில் பிறந்து, ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது. அடுத்த வருடமே தங்கை மறுபடி உண்டானாள். இவ்வளவு சீக்கிரம் கூடாது என்று டாக்டர் சொன்னதை இவன் காதில் வாங்கவில்லை. இதுவும் முந்திக்கொண்டு வந்துவிட்டது. பெண். ஒன்றரைக் கிலோ. தங்கை வலிப்பு வந்து பக்கத்து வார்டில் கிடந்தாள்.

"கொழந்தைக்கு அப்பா யாரு? சட்டையக் கழட்டுங்க" என்றார் நர்ஸ்.

"எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு சிஸ்டர்."

"கொழந்தைக்குச் சூடு பத்தல. உங்க நெஞ்சுல வச்சுக் கட்டணும். கங்காரு மாதிரி."

நாற்காலியில் உட்காரவைத்து, குழந்தையை மார்பில் கிடத்தி, துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார். அந்த முடிக்காட்டில் குழந்தையைக் காணோம். தொப்பி மட்டும் தெரிந்தது. சந்தையே அதிரக் கத்துகிறவன், மூச்சுவிடப் பயந்து உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், மூக்கு அரிக்குது. சொறிஞ்சு விடேன்."

"நல்லா அரிக்கட்டும். நீ அடிச்ச வெங்காயத்துக்கு இது பத்தாது." சொறிந்தும் விட்டேன், வேறென்ன செய்வது?

வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். "இந்த வாசல்ல ஒரு தடவ வெறுங்கையோட போயிருக்கேன் மச்சான். இங்கயே வச்சிருந்தா இதுவும் தங்காது."

ஒண்ணே முக்கால் கிலோ தொட்டால்தான் அனுப்புவார்களாம். எடையோ முதலில் இறங்கியது. பிறந்த குழந்தை கொஞ்சம் இளைக்கத்தான் செய்யும் என்றார் நர்ஸ்.

"நாங்களும் அதேதான் சொல்வோம் சிஸ்டர், சரக்கு காஞ்சிருச்சுன்னு" என்றான். என் மானம் போனது.

ஒரு காலை எடை குபீரென்று ஏறியது. நர்ஸ் எண்ணைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், இவனைப் பார்த்தார்.

"ஒரே நாள்ல கால் கிலோ கூடியிருக்கு. செங்கல்லு ஊட்டினீங்களா?"

"பால்தான் சிஸ்டர். நல்ல பால்."

"கையத் தூக்குங்க."

தூக்கினான். எண் இறங்கியது.

"இந்த எடைய வச்சுத்தான் பாலும் மருந்தும் அளக்கிறோம். இத நம்பி அனுப்பி, வீட்டுல சூடு கொறைஞ்சு நீலம் பாரிச்சா யாருக்குங்க நஷ்டம்?"

இத்தனை வருடம் அவன் விரலின் பாரம் அடுத்தவன் தலையில்தான் விழுந்தது. தன் பிள்ளை தலையிலும் விழும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. முகம் செத்துப்போயிற்று. சொல்லாமலே சட்டையைக் கழற்றினான்.

"கட்டி விடுங்க சிஸ்டர்."

அப்புறம் அவனை நாற்காலியை விட்டு எழுப்ப முடியவில்லை. நான் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்கிறேன் என்றேன். "டீசல் நாத்தம், தள்ளிப் போ" என்றான். முதலாளி போன் செய்தபோது குசுகுசுவென்று பேசினான். ராங் நம்பர் என்று அவர் வைத்துவிட்டார்.

எடை நிஜமாகவே ஏறியது, அரிசி அரிசியாக. ஒண்ணே முக்காலைத் தாண்டி, பாலும் தானாக உறிஞ்சத் தொடங்கியதும், தங்கையையும் சேர்த்து அனுப்ப டாக்டர் எழுதிய சீட்டைக் கொண்டுவந்தார் நர்ஸ்.

"இன்னொரு தடவ எடை போடுங்க சிஸ்டர்."

போட்டார். அதேதான்.

"வேற தராசு இருக்கா?"

"இது சந்தையில்லங்க. எல்லாத் தராசும் ஒண்ணுதான் காட்டும்."

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போறோமே. இவளுக்கு இங்க பழகிருச்சு."

"யாருக்கு, அவளுக்கா உங்களுக்கா? எடத்துக்கு அடுத்த கொழந்தை காத்திருக்கு. வீட்டுலயும் இதே மாதிரி கட்டிக்கணும். கெளம்புங்க."

என் லாரியில்தான் போனோம். நடுவில் தங்கை, ஓரத்தில் நெஞ்சில் மூட்டையோடு இவன். மாட்டு வண்டிகூட எங்களை முந்திக்கொண்டு போனது. அப்படியும் ஒவ்வொரு குழிக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தான், பிள்ளை விழித்துக்கொள்ளாதபடி, மெதுவாக.