சீட்டில் நாலாவது பெயர்

டயர்க் கடைக்கு மேலே இருக்கும் கோயிலுக்குப் போக இருபத்திரண்டு படி ஏற வேண்டும். ஏறி முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு மேஜை. வெள்ளிக்கிழமை மாலைகளில் அதற்குப் பின்னால் சீட்டு அக்கா உட்கார்ந்திருப்பாள். பதினோரு வருஷமாக அர்ச்சனைச் சீட்டு எழுதி எழுதி, அவளுடைய சொந்தப் பெயரே அங்கே யாருக்கும் தேவைப்படாமல் போய்விட்டது.

மற்ற நாட்களில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஈர விரிப்புகளைத் தூக்கி, உலர்த்தி, மடித்து, அடுக்குவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். வெள்ளிக்கிழமை மட்டும் அந்த வலி எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ! குளித்த தலை காய்வதற்குள் ஓடிவந்து பேனாவைத் திறந்துவிடுவாள்.

படியில் கேட்கும் காலடிச் சத்தத்தை வைத்தே எந்தக் குடும்பம் வருகிறது என்று கண்டுபிடித்துவிடுவாள். அவர்கள் மேலே வருவதற்குள் கோத்திரம், பெயர், நட்சத்திரம் எல்லாம் சீட்டில் தயாராக இருக்கும். குருக்கள் அதைப் பார்த்துப் படிக்க வேண்டியதுதான். தங்கள் கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சிவகோத்திரம் என்று எழுதுவது வழக்கம். சீட்டு அக்கா வீடும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி.

"நமக்கெல்லாம் அந்தச் சிவனே தாத்தா. இதைவிடப் பெரிய எடம் யாருக்கு இருக்கு?" என்று சிரிப்பாள்.

கண்ணாடிக்கடைக்காரர் விஷயம் வேறு. அவர்தான் கோயில் நிர்வாகக் குழுத் தலைவர். சீட்டு முன்னாலேயே எழுதியிருந்தாலும், "பாரத்வாஜ கோத்திரம்" என்று நாலு பேர் காதில் விழும்படி ஒருமுறை சொன்னால்தான் அவருக்குத் திருப்தி. அவர் பூசம், மனைவி சித்திரை, மூத்த பையன் அவிட்டம், இளையவன் ரோகிணி.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"மூத்தவன் பேரு வேண்டாம்மா. இனிமே எங்க வீட்டுல மூணு பேருதான்."

பையன் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அப்புறம்தான் போனில் சொன்னானாம். விஷயம் கோயிலுக்கே தெரிந்திருந்தது. மனைவி தட்டோடு பின்னால் நின்றாள். சந்நிதியில் குருக்கள் மூன்று பெயரையும் படித்துவிட்டு மந்திரத்துக்குப் போய்விட்டார். அந்த அம்மா மட்டும் தலையைச் சாய்த்து, இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது என்பதுபோல் காத்துக்கொண்டு நின்றாள். சீட்டு அக்கா அதை மேஜையிலிருந்து பார்த்தாள்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவளுக்குத் தன் அப்பாவின் ஞாபகம் வந்தது. பிடித்தவனைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டைவிட்டு வந்த வாரமே, அப்பா தன் அர்ச்சனையில் அவள் பெயரை நிறுத்திவிட்டார். ஏழு வருஷம் எந்தச் சந்நிதியிலும் அவளுக்காக யாரும் வாய் திறக்கவில்லை. எட்டாம் வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். அம்மா சொல்லித்தான் இதெல்லாம் தெரிந்தது. அவர் திட்டியது மறந்துவிட்டது. பெயரை எடுத்தது மட்டும் இன்றைக்கும் ஆறவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தன் வீட்டுச் சீட்டை எழுதினாள். புருஷன், தான், மகள். பேனாவை மூடப் போனவள், மூடாமல், நாலாவதாக அந்தப் பையனின் பெயரையும் அவிட்டத்தையும் சேர்த்துவிட்டாள்.

குருக்கள் கண்ணாடியை மேலே தள்ளினார். "ஏம்மா, உனக்கு எப்போ பையன் பொறந்தான்?"

"படிங்க சாமி. தப்புன்னா அம்பாள் என்னைக் கேக்கட்டும்."

அவர் படித்தார். கண்ணாடிக்கடைக்காரர் இன்னும் படியேறி வந்திருக்கவில்லை. முன்னாலேயே வந்து தூண் ஓரம் கண்மூடி நின்றிருந்த அவர் மனைவி சட்டென்று கண்ணைத் திறந்தாள். சந்நிதியைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள். சீட்டு அக்கா ரொம்ப மும்முரமாகப் பேனா மூடியைத் தேடினாள்.

அதன்பிறகு அந்த அம்மா வாரா வாரம் கால் மணி நேரம் முன்னாலேயே, தனியாக வர ஆரம்பித்தாள். சீட்டு அக்காவின் அர்ச்சனை முடிந்ததும் குங்குமத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓரமாகப் போய் உட்காருவாள். கண்ணாடிக்கடைக்காரருக்குத் தெரிந்தால் மேஜை போய்விடும் என்று சீட்டு அக்காவுக்குப் பயம்தான். சலவைக்கூடத்தில் அவள் வெறும் வேலை செய்யும் ஒரு கை. இங்கே மட்டும்தான் அவள் ஒரு ஆள். இருந்தும் நாலாவது பெயரை விட மனசு வரவில்லை.

ஒன்பதாவது வாரம் அவர் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு மனைவியோடு வந்துவிட்டார். சீட்டு அக்கா வீட்டுச் சீட்டு ஏற்கெனவே குருக்கள் கைக்குப் போயிருந்தது. சிவகோத்திரம் என்று தொடங்கி, புருஷன், அவள், மகள் என்று படித்து, கடைசியில் அவிட்டத்தில் பிறந்தவனுக்கு வந்தார் குருக்கள். கண்ணாடிக்கடைக்காரர் கைகூப்பியபடியே திரும்பினார். நேராக மேஜைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"அது யாரும்மா, உங்க சீட்டுல?"

பொய் சொல்ல வரவில்லை. "உங்க பையன்தான்யா."

"எத்தனை வாரமா?"

"ஒன்பது. கோவிச்சுக்காதீங்கய்யா. ஒரு புள்ள பேரு எங்கயுமே சொல்லாம இருக்கக் கூடாதுன்னு..."

"ஒன்பது வாரமா சிவகோத்திரம்னு சொல்லிருக்கீங்களா?" அவர் குரல் எகிறியது. "பாரத்வாஜ கோத்திரத்துல பொறந்தவன்மா அவன்! எங்கப்பா பேரு வச்ச பையன்! எங்க வீட்டுப் புள்ளைய நீங்க எப்படி உங்க கோத்திரத்துல சேக்கலாம்?"

என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவர் காதுக்கே எட்டியது போலிருந்தது. பின்னால் மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சீட்டு அக்கா மெதுவாகக் கேட்டாள். "அப்போ அந்தப் புள்ள எந்தச் சீட்டுல இருக்கணும்யா?"

அவர் பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கி, மேஜைமேல் குனிந்து, தன் சீட்டை முதன்முறையாகத் தானே எழுதினார். பூசம், சித்திரை, அவிட்டம், ரோகிணி. மூத்தவன் பெயரில் ஒரு எழுத்து கோணலாகப் போயிற்று. அதை அடித்துத் திருத்தினார்.

சந்நிதியில் நாலு பெயரும் ஒலித்தன. சீட்டு அக்கா தன் வீட்டுச் சீட்டை இழுத்து நாலாவது பெயரை அடித்தாள். இனி தன் வீட்டில் மூன்று பேர்தான் என்பது ஒரு நொடி வலித்தது. அன்றைக்குத் தன் பெயரையும் யாராவது தங்கள் சீட்டில் எழுதியிருந்தால் அப்பாவுக்கும் இப்படிக் கோபம் வந்திருக்குமே என்று நினைத்தாள்.